வீடுதோறும் திருவுருவம் தந்த ஓவியர் கொண்டையராஜு

இறைவன் அருவம், உருவம், அருவுருவம் என மூவகைத் திருமேனி உடையவன் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. உருவம் கொள்வது அவனுக்கு வேண்டுவதன்று. உயிர்கள் கண்டு, நினைந்து, கைகுவித்து உய்தற்பொருட்டே அவன் உருவத் திருமேனி தாங்குகின்றான். அவ்வுருவைக் கல்லிலே கண்டவர் சிலர். செம்பிலே வார்த்தவர் சிலர். சுதையிலே சமைத்தவர் சிலர். சென்ற நூற்றாண்டிலே அதனைத் தாளிலே தீட்டி, ஏழையின் குடிசைச் சுவரிலும் எழுந்தருளச் செய்த அன்பர் ஒருவர் தென்பாண்டி நாட்டுக் கோவிற்பட்டியில் வாழ்ந்தார். அவர் ஓவியர் சி. கொண்டையராஜு. அவர் தீட்டிய படங்களை வணங்காத தமிழ்க் குடும்பம் அரிது. எனினும் வணங்கியவருள் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலே, மலைமேல் மரகதாம்பிகையோடு சந்திரசூடேசுவரர் வீற்றிருந்தருளும் ஓசூரிலும், அதனையடுத்த கிருஷ்ணகிரிச் சீமையிலும் இவ்வுண்மையை எவரும் நேரிற் காணலாம். 1970-களில் இங்கே தொழிற்பேட்டை எழுந்தபின், பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வேலைநாடி வந்து குடியேறினர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லை நிலம் இது. ஆயுத பூசை நாளிலே கடைசல் பொறிகளுக்கும் உலைக்கூடங்களுக்கும் நடுவே ஒரு நாட்காட்டிப் படத்துக்கு மாலை சாத்தி, பொரிகடலை படைத்துத் தொழிலாளர் வழிபடுகின்றனர். அப்படத்தின் முன்னே நிற்பவர் மும்மொழியினர். படமோ மொழி கடந்தது. திருமகளையும் முருகனையும் அறிந்துகொள்ள அவர்களுக்கு எழுத்து வேண்டுவதில்லை. இத்தகைய படங்களைத் தமிழ்நாட்டில் பெருவழக்காக்கிய கைகளுள் தலையாயது கொண்டையராஜுவின் கை.

அவர் 1898-ஆம் ஆண்டிலே பிறந்தார். அக்காலத்தில் இந்திய ஓவியம் பெரியதொரு மாறுதலைக் கண்டுகொண்டிருந்தது. திருவாங்கூர்ச் சீமையின் கிளிமானூரிலே 1848-இல் தோன்றிய இராஜா ரவிவர்மா, மேனாட்டு எண்ணெய் வண்ண முறையினாலே நம் புராணக் காட்சிகளைத் தீட்டி, பரோடா, மைசூர் முதலிய அரண்மனைகளை அணிசெய்தார். அரண்மனைச் சுவரோடு அவை நின்றுவிடலாகாது என்னும் நோக்கத்தால் 1894-இல் பம்பாயிலே ஓர் அச்சகத்தையும் நிறுவினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல் எனப் பல கற்களில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து எடுக்கப்பெற்ற அவ்வச்சுப் படங்கள் நாடெங்கும் பரவின. அவ்வச்சகத்தோடு தொடர்புற்றிருந்த தாதாசாகேப் பால்கேயே பின்னர் 1913-இல் அரிச்சந்திரன் வரலாற்றைத் திரைப்படமாக எடுத்து வெளியிட்டவர். தெய்வப் படமும் திரைப்படமும் இந்நாட்டிலே ஒரு கொடியிற் பூத்த இரு மலர்கள் என்பதை இதனால் உணரலாம். ரவிவர்மா 1906-இல் மறைந்தபோது கொண்டையராஜு சிறுவர்.

இளமையிலேயே ஓவியத்தில் நாட்டங்கொண்ட கொண்டையராஜு சென்னை அரசினர் கலைப்பள்ளியிலே முறையாகப் பயின்றார். 1850-இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, உருவளவு, ஒளிநிழல், தொலைவுக்காட்சி ஆகிய மேனாட்டு முறைகளை மாணவர்க்குப் பயிற்றிவந்தது. அங்கே பெற்ற பயிற்சி அவருடைய கைக்குத் திண்மை தந்தது. ஆனால் அவருள்ளம் வேறொன்றை நாடிற்று.

நினைத்தாலே முத்தி தரும் திருவண்ணாமலையிலே பகவான் இரமண மகரிஷிகள் 1896 முதல் உறைந்து, நாடிவந்தோர்க்கெல்லாம் மோன நிலையாலே ஞானம் அருளிவந்தார். கொண்டையராஜு அப்பெரியாரை அடைந்து, அவர் திருவடி நிழலிலே சிலகாலம் துறவியாக வாழ்ந்தார். உருவத்தைத் தீட்டக் கற்ற கை, உருவங்கடந்த பொருளை உணர்த்தும் ஆசானின் முன்னே குவிந்து நின்றது. அண்ணாமலையோ சோதிப் பிழம்பாய் எழுந்த அருவம் மலையாய் உருக்கொண்ட தலம். கண்ணுக்குப் புலப்படும் மலையே புலப்படாத சோதியின் திருமேனியாக வணங்கப்பெறும் அவ்விடத்தினும் சிறந்த ஓவியப் பள்ளி வேறு யாது?

அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. மீண்டும் உலகிடை வந்து தூரிகையைக் கையில் எடுத்தார். துறவினின்று வழுவினார் என்று ஒருவர் கூறக்கூடும். அவருடைய பின்னாள் வாழ்க்கையை நோக்குவார்க்கு அக்கூற்று பொருந்தாது. அவர் மணஞ்செய்து கொள்ளவில்லை. எளிய வாழ்வே வாழ்ந்தார். பொருளீட்டுதலைக் குறிக்கோளாகக் கொள்ளவில்லை. காவியும் கமண்டலமும் மட்டுமே துறவின் அடையாளம் ஆகா. கைத்தொழிலைச் செய்துகொண்டே அதன் பயனைத் தனக்கென வேண்டாதிருத்தலும் துறவேயாம்.

திரும்பி வந்தவர் சேர்ந்த இடம் நாடகக் குழு. சங்கரதாச சுவாமிகள் முதலியோர் வளர்த்த இசை நாடகம் அப்போது தமிழ்நாட்டு மக்களின் பேரின்பப் பொழுதுபோக்காய் விளங்கிற்று. ஊரூராய்ச் சென்று கொட்டகையிட்டு நடிக்கும் குழுக்களுக்குத் திரைச்சீலைகள் இன்றியமையாதன. அரண்மனை, வீதி, நந்தவனம், காடு, கயிலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு திரை வேண்டும். ஆளுயரத்தினும் பன்மடங்கு பெரிய துணியிலே, வண்ணப் பொடியை வஜ்ஜிரப் பசையிற் குழைத்து, பெருந்தூரிகையாலே எழுத வேண்டும். விளக்கொளியிலே கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் அது கயிலாயமாகவே தோன்ற வேண்டும். நுண்மையை மட்டும் நம்பியவன் அங்கே தோற்பான். நிறம் துலங்கவும், உருவம் நேர்முகமாய் நிற்கவும், கண்டவுடனே இன்ன தெய்வம் இன்ன காட்சி என்பது விளங்கவும் எழுதவல்லவனே வெல்வான். கலைப்பள்ளி புகட்டாத இப்பாடத்தைக் கொண்டையராஜு கொட்டகையிலே கற்றார்.

1931-இல் தமிழ் பேசும்படம் தோன்றிற்று. அதன்பின் நாடகக் கொட்டகைகளிற் கூட்டம் குறையலாயிற்று. நடிகரும் பாடகரும் பட முதலாளிகளை நாடிச் சென்றனர். குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நலிந்தன. கொண்டையராஜு இருந்த குழுவும் 1942-ஆம் ஆண்டு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நெருக்கடிக் காலத்திலே, கோவிற்பட்டியிற் கலைந்துபோயிற்று. திரை எழுதுவோர்க்குத் திரையில்லை. உடனிருந்த இளைஞர்க்கு ஊதியமில்லை.

திரை எழுதிய கைகளுக்கு அந்நாளில் வேறு வழிகள் இல்லாமற் போகவில்லை. அவற்றுள் மிகக் கவர்ச்சியானது திரைப்பட விளம்பரம். படக்கொட்டகைகளின் வாயிலில் வானளாவ நிற்கும் பலகைகளையும், ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் வண்ண விளம்பரங்களையும் எழுத ஓவியர் வேண்டியிருந்தனர். நாடகத் திரை எழுதிப் பழகிய பலர் சென்னைக்குச் சென்று அத்துறையிற் புகுந்தனர். அங்கே விளம்பரப் பலகை எழுதுவதில் பெரும்புகழ் எய்திய கே. மாதவனும் நாடகத் திரையிலிருந்து வந்தவரே. அவர் இதழ்களுக்கு அட்டைப்படங்களும் நாட்காட்டிக்குத் தெய்வப் படங்களும் வரைந்தார். கொண்டையராஜுவோ சென்னைக்குப் போகவில்லை. குழு கலைந்த ஊரிலேயே, செண்பகவல்லி அம்பிகை பூவனநாதரோடு அருள்புரியும் கோவிற்பட்டியிலேயே, தங்கிவிட்டார். உடன்வந்த இளைஞர்களும் அவரை விட்டு அகலவில்லை.

அங்கே அவரும் மாணவர்களும் தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் நிழற்பட நிலையத்தை நடத்தினர். வயிற்றுப்பாட்டுக்குரிய தொழில் அது. அக்காலத்து நிழற்பட நிலையங்களிலே ஓவியனுக்கு வேலை மிகுதி. படம் எடுக்க வருவோரின் பின்னே தொங்கும் திரையை எழுதுபவன் அவன். கண்ணாடித் தகட்டின்மேல் பென்சிலாலே குறைகளைத் திருத்துபவன் அவன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றுபவனும் அவனே. மறைந்த தந்தையின் முகத்தைப் பழைய படத்திலிருந்து எடுத்து உயிரோட்டமாய் எழுதித் தரும்படி மக்கள் வேண்டுவர். கண்களிலே உயிர் இல்லையாயின் அப்படத்தை எவரும் ஏற்கமாட்டார். மனித முகத்தின் தசையும் ஒளியும் பார்வையும் இவ்வாறு கைவந்தன.

பின்னர்ச் சிவகாசி அழைத்தது. மழை பொய்த்த அக்கரிசற் சீமையிலே, 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்யநாடார், சண்முகநாடார் ஆகிய இருவரால் தொழில் தழைத்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண ஒட்டுத்தாள் வேண்டியிருந்தமையின் அச்சுத்தொழிலும் உடன் வளர்ந்தது. அச்சகங்கள் பெருகியபின் வணிகர் தத்தம் வாடிக்கையாளர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் நாட்காட்டிகளையும் அவை அச்சிடத் தொடங்கின. அவற்றுக்கு மூலப் படங்கள் தேவைப்பட்டன. அண்மையிலே கோவிற்பட்டியில் கொண்டையராஜு இருந்தார்.

கலைப்பள்ளியின் உருவளவும், அண்ணாமலையின் அமைதியும், நாடகத் திரையின் துலக்கமும், நிழற்படத்தின் உயிரோட்டமும் ஒன்றுகூடிய அவர் கையினின்று முருகனும் திருமகளும் அம்பிகையும் தோன்றினர். மதுரை மீனாட்சி திருக்கல்யாணப் படம் அவர் புகழுக்கு ஓர் உரைகல். மதுரைத் திருக்கோயிற் கம்பத்தடி மண்டபத் தூணிலே கல்லில் விளங்கும் திருக்கல்யாணக் கோலம் சிற்ப உலகிலே பெயர்பெற்றது. நடுவே நாணித் தலைகவிழ்ந்த அம்பிகை. ஒருபுறம் கைத்தலம் பற்றும் சொக்கநாதர். மறுபுறம் தாரை வார்த்துத் தரும் திருமால். அக்கோலத்தைத் தூணினின்றும் தாளுக்கு எழுந்தருளச் செய்து, பொன்னும் பட்டும் மலரும் வண்ணத்தில் விளங்க அவர் தீட்டினார். மதுரைக்குச் சென்று சித்திரைத் திருவிழாக் காணும் வாய்ப்பில்லாதார் இல்லங்களிலும் அத்திருமணம் நாள்தோறும் நிகழ்வதாயிற்று.

இப்படங்களின் பெருமையை முழுதும் உணரவேண்டுமாயின் அக்காலத்து நிலையை நினைத்தல் வேண்டும். நாட்டில் ஒருசாரார் நெடுங்காலம் திருக்கோயிலுள் விடப்படாமல், கோபுரத்தைத் தொலைவில் நின்று தொழுதனர். 1936-இல் திருவாங்கூரிலே ஆலயக் கதவு அவர்க்குத் திறந்தது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சி திருக்கோயிலிலே வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றார். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் ஊர்தோறும் உள்ளங்கள் உடனே திறந்துவிடவில்லை. ஆனால் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியிலே வீற்றிருந்த முருகனை எந்தத் தெருவுக்குள்ளும் போகாதே என்று தடுக்க வல்லார் எவரும் இலர். சேரியின் மண்சுவரிலும் அவன் அதே புன்முறுவலோடு எழுந்தருளினான். தாழ்ப்பாளும் தீட்டும் இல்லாத சந்நிதி அது. நந்தனாருக்காக நந்தியை விலகச் செய்த பெருமான், தானே தாளுருக் கொண்டு சேரிக்கு எழுந்தருளினான் என்று கொள்ளுதல் தவறாகாது.

இப்படங்களைக் குறைகூறினாரும் உளர். முதற்குறை, தெய்வ முகங்கள் திரைப்பட நடிகையர் முகம்போல் உள்ளன என்பது. ஓவியர் பலர் ஒரே காலத்தில் திரைப்பட விளம்பரமும் தெய்வப் படமும் எழுதியமையால் சிலர் படங்களில் அவ்வாயல் புகுந்தது மெய்யே. சிற்பநூல் கூறும் தாளக் கணக்கை விட்டு மனித அழகை மட்டும் நாடினால் தெய்வம் மறைந்து நடிகை தோன்றுவாள். கொண்டையராஜுவின் படங்களிலே மனித முகத்தின் கனிவு உண்டு. அதனோடு படைக்கலம், முத்திரை, ஊர்தி, நின்ற நிலை, இருந்த நிலை ஆகிய இலக்கணமும் உண்டு. தெய்வத்தின் பார்வை காண்பாரை நேரே நோக்கும். திரைப்பட விளம்பரம் காண்பானைக் கொட்டகைக்கு அழைக்கும். இப்படமோ காண்பானை நிற்கச் செய்து கைகூப்ப வைக்கும்.

இரண்டாங்குறை, கடவுளின் திருவடிக்கீழ்க் கடைப்பெயர் அச்சிடுதல் முறையோ என்பது. எண்ணெய் விற்பவனும் துணி விற்பவனும் தம் பெயரை அங்கே பொறித்துக்கொண்டது வாணிக நோக்கத்தாலேதான், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் திருக்கோயிற் படிகளிலும் தளக் கற்களிலும் தம் பெயரையும், விழுந்து வணங்கும் தம் உருவையும் செதுக்கிவைத்த பண்டை அன்பர்களை நினைத்தல் வேண்டும். அடியார் அடிப்பொடி தம் பெயர்மேல் படவேண்டும் என்பது அவர் வேட்கை. பெயர் எங்கே பொறிக்கப்பெற்றது என்பது பெரிதன்று; எந்த நினைவோடு பொறிக்கப்பெற்றது என்பதே பெரிது. திருப்பணிக்குப் பொருள் நல்குவோர் யாவரும் தம்முள் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினாவும் இதுவே.

மூன்றாங்குறை, அச்சுப் படம் வழிபாட்டுக்கு உரியதாகுமா என்பது. இதற்கு ஆகம சிற்பநூல்களே விடை தருகின்றன. முழுவடிவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்புச் சிற்பத்தைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலும் துணியிலும் தீட்டும் ஓவியத்தைச் சித்திராபாசம் என்றும் அவை மூன்றாக வகுத்தன. ஓவியமும் அவ்வரிசையில் ஒன்று. குடமுழுக்குத் திருப்பணி தொடங்கும்போது நிகழும் பாலாலயத்தை அன்பர் அனைவரும் அறிவர். மூலவரின் ஆற்றலை முறைப்படி கலையேற்றிக் கும்பத்தின் வழியே சித்திரம் எழுதிய மரப்பலகைக்கு எழுந்தருளச் செய்வர். திருப்பணி முடியுமளவும் இறைவன் அப்பலகையிலேயே வழிபாடு கொள்வான். கருங்கற் கருவறை திருத்தப்பெறும் காலத்தில் வண்ணம் தீட்டிய பலகை அவனுக்குப் போதுமானதாயின், அன்போடு தீபம் ஏற்றும் குடிசைச் சுவரின் படமும் அவனுக்குச் சிறிதாகுமா?

கொண்டையராஜுவின் பெருமை அவர் தீட்டிய படங்களோடு முடிவதன்று. அவர் ஒரு குருமரபைத் தோற்றுவித்தார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், இராமலிங்கம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன், சீனிவாசன் முதலியோர் அவரிடம் பயின்று புகழ்பெற்ற ஓவியராயினர். குடும்பம் இல்லாத அவருக்கு மாணவரே மக்களாயினர். சில படங்களிலே ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் அருகருகே ஒப்பமாக விளங்குவதைக் காணலாம். தம் பெயரால் விலைபோகும் படத்திலே மாணவன் பெயரையும் இணைத்து அவனை உலகுக்கு அறிமுகம் செய்த பேருள்ளம் அது. ஞானாசிரியர் ஒருவர்முன் அமர்ந்திருந்தவர்க்கே ஆசிரியனாயிருக்கும் முறை தெரியும்.

1976-ஆம் ஆண்டிலே, எழுபத்தேழாம் அகவையில், கொண்டையராஜு மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பொருட்செல்வம் பேசத்தக்கதன்று. ஆனால் அவர் வகுத்த திருமுக அமைப்பும் வண்ணக் கோலமும் மாணவர் கைகளாலும் மாணவரின் மாணவர் கைகளாலும் தொடர்ந்து பரவின. பின்னாளில் கணிப்பொறி வந்தது. திரைப்படக் கொட்டகைகளின் கைவண்ணப் பலகைகள் மறைந்து நெகிழித் தட்டிகள் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டன. பலகை எழுதிய ஓவியர் பலர் வேறு தொழில் நாடினர். அவர்கள் எழுதிய விளம்பரங்களை மழையும் வெயிலும் அழித்தன. அடுத்த படத்துக்காக வெள்ளையடித்து அவற்றை மறைத்தோரும் உண்டு. தெய்வப் படங்களின் கதி வேறு. ஆண்டு முடிந்து தேதித்தாள் முழுதும் கிழிந்த பின்னரும் அப்படத்தை எறிய மனமில்லாத தாய்மார், அதனை வெட்டிக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசையிடத்தில் வைத்தனர். வாணிகனின் விளம்பரமாக வந்த தாள் அவ்வீட்டின் குலதெய்வத்தோடு ஒன்றாயிற்று. குங்குமம் படிந்து, சாம்பிராணிப் புகையேறி மங்கிய அத்தகைய படங்கள் ஓசூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் உள, கோவிற்பட்டியிலும் உள, கடல்கடந்த தமிழர் இல்லங்களிலும் உள.

ஆகமம் அறிந்த சிவாசாரியர் மந்திரத்தாலே சிலைக்கு உயிரூட்டுகின்றார். அத்தாய்மார் அறிந்த மந்திரம் அன்பு ஒன்றே. அவ்வன்பு பற்றிக்கொள்வதற்கு ஓர் உருவத்தைச் செய்துகொடுத்து, அதன் புகழைத் தாம் வேண்டாது ஒதுங்கியிருந்தவர் கொண்டையராஜு. விமானத்தின் சுதையுருவங்கள் புதுவண்ணம் பெற்றுக் குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், அவ்வண்ணம் பூசிய கைகளையும், வண்ணத்தாலே இறைவனை வீடுதோறும் எழுந்தருளுவித்த அவ்வோவியரையும் நினைத்து வாழ்த்துவது திருப்பணியின் ஒரு பகுதியேயாகும். இல்லத்துச் சுவரில் அவரை அறியாமலே அவர் படத்தை வணங்கிவந்த அன்பர், இனி அறிந்து வணங்குவாராக. உருவங்கடந்த பரம்பொருள் எல்லா உருவத்தும் நின்று யாவர்க்கும் அருள்புரிக.

திருச்சிற்றம்பலம்